வன்னியில் ரேவன் உண்டா?

முழுக் கறுப்பு, தடித்த அலகு. இரணைமடுக் குளக்கரை மரத்தில் இருந்து கரகரக்கும் அண்டங்காகத்தைக் கண்டதும் சிலர் 'ரேவன்' என்பார்கள். இல்லை. ரேவன் என்ற காக இனம் இலங்கையில் கிடையாது. இந்தியாவிலேயே ராஜஸ்தான், இமயமலைப் பக்கம் போனால்தான் காணலாம். பறக்கும்போது வாலைப் பாருங்கள்: ரேவனுக்கு நடு இறகுகள் நீண்டு ஆப்புப்போலக் கூராகும், அண்டங்காகத்துக்கு நுனி வளைவாகவே இருக்கும்.

கிளிநொச்சியில் மீன்தலைக்கு அடிபடுவது பெரும்பாலும் சாம்பல் கழுத்துள்ள ஊர்க்காகம். அது மனிதரை ஒட்டியே வாழும்; அண்டங்காகம் காட்டோரத்திலும் பிழைக்கும்.

கெட்டிக்காரப் பறவையான காகம் குயிலிடம் மட்டும் ஏமாறுவதேன்? காகக் கூட்டில் குயில் இடும் முட்டையும், காக முட்டைபோலவே, பச்சை கலந்த நிறத்தில் புள்ளி போட்டதுதான், அளவில்தான் சிறிது. அது முந்திப் பொரிக்கும். காகக் குஞ்சுகள் வெளிவரும்போது குயில் குஞ்சு வளர்ந்து, இரைக்குக் கத்திக்கொண்டிருக்கும்.