சந்தனம் என்னும் சொல்லின் செலவு

திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஜவ்வாது மலைக்காடு சந்தன மரத்திற்குப் பெயர் பெற்றது. இம்மரத்தை ஆங்கிலேயர் 'சாண்டல்வுட்' என்பர். செருமானியர் 'சாண்டல்ஹோல்ட்ஸ்' என்பர். பிரெஞ்சுக்காரர் 'சாந்தால்' என்பர். இத்தாலியர் 'சாந்தலோ' என்பர். இவை யாவும் ஒரு மூலத்தினின்று கிளைத்தனவே. அம்மூலம் எம்மொழிக்கு உரியது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொல் சென்ற வழியைக் காண்போம். வடமொழிச் 'சந்தன' பாரசீகம் வழியாக அரபு நாட்டை அடைந்தது. அரபியில் சகர வல்லொலி இன்மையின் முதலெழுத்து ஸகரச் சார்பாயிற்று. இரண்டு னகரங்களுள் பின்னது லகரமாய்த் திரிந்து 'ஸந்தல்' என நின்றது. பிற்காலக் கிரேக்கத்தில் 'சாந்தலோன்' எனவும், இடைக்கால இலத்தீனில் 'சந்தலும்' எனவும் அது வழங்கிற்று. லின்னேயசு 1753இல் இம்மரத்திற்குச் 'சந்தலும் ஆல்பம்' எனப் பெயரிட்டார். ஆயின், ஆறாம் நூற்றாண்டினராகிய காசுமாசு என்னும் கிரேக்க வணிகர், இலங்கைக்கு வரும் சரக்குகளுள் இதனை 'த்சந்தான' என்றே குறித்தார். லகரத் திரிபு நேராத பழைய வடிவத்திற்கு இது சான்றாகும்.

ஆங்கிலத்தில் காலணியைக் குறிக்கும் 'சாண்டல்' இதனோடு தொடர்பற்றது. அது 'சாந்தாலியோன்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல். ஒலியொப்புமை ஒன்றே கொண்டு சொற்பிறப்பு முடித்தல் கூடாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

இனி, 'சந்தன' என்பதன் பிறப்பு யாது? வடமொழி இலக்கணத்தார், மகிழ்வித்தல், ஒளிர்தல் என்னும் பொருளுடைய வேரினின்று இதனைப் பிறப்பிப்பர். அறிஞர் பரோ, 1955இல் வெளிவந்த 'சமற்கிருத மொழி' என்னும் தம் நூலில், இதனைத் திராவிடக் கடன்சொற்களுள் வைத்துத் தமிழ்ச் 'சாந்து' என்பதனோடு ஒப்பிட்டார். சாத்துதல் பூசுதலாகும், பூசப்படுவது சாந்து. கொத்தர் குழைப்பதும் சாந்தே. மகளிர் நெற்றியில் இடுவதும் சாந்தே. சங்க நூல்களில் சாந்து, சாந்தம், ஆரம் என்பன பயில்கின்றன. இருக்கு வேதத்தில் 'சந்தன' காணப்படாமையும், மரம் தென்னாட்டு மலைகளில் மிகுதியாக வளர்தலும் இக்கொள்கைக்கு அரண் செய்வன. எனினும், நெடில் குறிலானமைக்கும் '-அன' ஈறு சேர்ந்தமைக்கும் தக்க விளக்கம் வேண்டும். அஃது இன்றி முடிந்த முடிபெனக் கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று.

வேர் தென்னாட்டதெனக் கொள்ளினும், இன்று நாம் வழங்கும் 'சந்தனம்' வடமொழி வடிவத்தில் மீண்டு வந்த சொல்லேயாம். நமக்கே உரியன சாந்தும் ஆரமுமே. அவற்றுள் சாந்து பயனால் வந்த பெயர். மேனியிற் பூசுங்குழம்பே முதற்பொருள். மரம் அதனால் பெயர் பெற்றது. ஐரோப்பியரோ கடல் கடந்து வந்த கட்டையையே கண்டனர். ஆதலின் ஆங்கிலேயரும் செருமானியரும் 'மரக்கட்டை' எனப் பொருள்படும் சொல்லைப் பின்னே ஒட்டினர். ஒரே பொருளை ஒவ்வோர் இனத்தாரும் எந்நிலையிற் கண்டனர் என்பதனைப் பெயரே உணர்த்துகின்றது.

இவ்வாராய்ச்சி நூலகத்தோடு முடிவதன்று. ஜவ்வாது மலைவாழ் மலையாளி மக்கள் இம்மரத்திற்கும், அதன் வைரம், வேர், விதை ஆகியவற்றிற்கும் வழங்கும் பெயர்களை முறையாகத் தொகுத்தல் வேண்டும். ஏட்டில் மறைந்த வடிவம் பேச்சில் வாழ்தலும் உண்டு. முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், நாம் விடுத்த ஐயம் தீர்தற்கு வழி பிறக்கும்.