பெர்னார்டோ சாசெட்டி (1970–2012)
பியானோ வித்வான், இசையமைப்பாளர், லிஸ்பன், போர்ச்சுகல்

1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் லிஸ்பன் நகரில் பிறந்து, பால்யத்தில் மேற்கத்திய சாஸ்திரீய முறைப்படி பியானோ பயின்ற சாசெட்டி, அமெரிக்க வித்வான் பில் எவன்ஸின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்து, ஜாஸ் சங்கீதத்தையே தம் மார்க்கமாக வரித்துக்கொண்டார். ஆங்கிலேய டிரம்பெட் வித்வான் கை பார்க்கரின் குழுவில் வாசித்த அவர், 1999இல் வெளிவந்த ‘தி டாலன்டட் மிஸ்டர் ரிப்ளி’ திரைப்படத்திலும் இடம்பெற்றார்.

கார்லோஸ் பாரெட்டோ பாஸும் அலெக்சாந்தர் ஃப்ரசாவ் டிரம்ஸும் வாசிக்க, ‘நொக்துர்னோ’ (2002) முதல் ‘மோஷன்’ (2010) வரை அவர் பதிவு செய்த மூவர் இசையில், ஸ்வரங்களுக்கு எத்துணை மதிப்பு உண்டோ அத்துணை மதிப்பு அவற்றினிடையே நிலவும் மௌனத்துக்கும் உண்டு.

மாரியோ லஜீன்யாவுடன் இரண்டு பியானோக்களிலும், பின்னர் பெட்ரோ பூர்மெஸ்டரையும் சேர்த்துக்கொண்டு மூன்று பியானோக்களிலும் கச்சேரிகள் நிகழ்த்திய சாசெட்டி, 2010இல் ஃபாடோ என்னும் போர்ச்சுகீசியப் பாடல் வகையில் புகழ்பெற்ற பாடகர் கார்லோஸ் டோ கார்மோவுடன் இணைந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, அக்குரலின் கம்பீரத்துக்கு இடம்விட்டு, பின்னின்று வாசிக்கும் விவேகத்தையும் புலப்படுத்தினார். மார்கோ மார்ட்டின்ஸ் இயக்கிய ‘அலிஸ்’ (2005) படத்தில், காணாமற்போன மகளைத் தேடி லிஸ்பன் வீதிகளில் அலையும் தகப்பனின் துக்கத்தை, வசனத்தினும் ஆழமாக உணர்த்துவது அவரது சங்கீதமே.

புகைப்படக் கலையிலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 2012 மே 10 அன்று, கஷ்காய்ஷ் அருகே கின்ஷோ கடற்கரைப் பாறைமுகட்டிலிருந்து தவறி விழுந்து, 41ஆம் வயதில் காலமானார்.