பெருவிரலுக்கும் உரிமை உண்டு

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் நோக்கிச் செல்வோர், மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டை நன்கு அறிவர். அண்மையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் அங்கே பேருந்துக்காகக் காத்து நின்றேன். அருகில் ஓர் இளம் சகோதரி. இடுப்பில் கைக்குழந்தை, முழங்கையில் துணிப்பை, வலக்கையில் பெரிய செல்போன்.

திரையின் மேல்மூலையிலிருந்த எதையோ தொடப் பெருவிரலை நீட்டினார். எட்டவில்லை. போனை உள்ளங்கையிலேயே சற்று மேலே தள்ளி, மீண்டும் எக்கினார். போன் நழுவியது. அதைப் பிடிக்க அவர் குனிந்த வேகத்தில் குழந்தை பின்னால் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் சட்டென்று குழந்தையைத் தாங்கிக் கொண்டார். அல்ஹம்துலில்லாஹ்! குழந்தைக்கு எதுவும் நேரவில்லை. போனின் கண்ணாடி மட்டும் விரிசல் கண்டது.

"போன் போனா வாங்கிக்கலாம்மா. புள்ளையப் பாரு" என்றார் மூதாட்டி. வளைகுடாவில் இருக்கும் கணவரிடமிருந்து குரல் செய்தி வந்திருந்ததாகக் கண் கலங்கியபடி அந்தச் சகோதரி சொன்னார்.

அவரைக் குறை கூற மனம் வரவில்லை. கடல் கடந்து உழைக்கும் கணவரின் குரல் அந்தப் பெட்டியில் அல்லவா வருகிறது! ஒரு கை குழந்தைக்கு. எஞ்சிய ஒரு கைதான் போனுக்கு. நம் வீட்டுப் பெண்களில் பெரும்பாலோரின் நிலை இதுவே.

திரை வளர்ந்தது, கை வளரவில்லை

2007ஆம் ஆண்டு வெளிவந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், எடை 135 கிராம். 2011இல் சாம்சங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையுடன் 'கேலக்ஸி நோட்' போனைக் கொண்டு வந்தபோது, இத்தனை பெரிய போனா என்று வியந்தவர் பலர். இன்றோ 6.5 அங்குலத்தைத் தாண்டிய திரையும், 200 கிராமை ஒட்டிய எடையும் சாதாரணமாகிவிட்டன. நம் கைகள் மட்டும் இறைவன் படைத்த அளவிலேயே இருக்கின்றன.

ஸ்டீவன் ஹூபர் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், பொது இடங்களில் மக்கள் போனைக் கையாளும் விதத்தைக் கவனித்து 2013இல் எழுதினார். திரையைத் தொட்டுக் கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையால்தான் போனைப் பிடித்திருந்தனர். ஆகவே ஒரு கைப் பழக்கம் சோம்பலால் வந்ததன்று. உலகெங்கும் உள்ள வாழ்க்கைத் தேவை அது.

தஸ்பீஹ் எண்ணும் விரல்

தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று திக்ரு செய்கையில், பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிச் செல்கிறது. மற்ற விரல்களை எதிர்கொண்டு தொடுவதற்கென்றே அமைந்த விரல் அது. உள்நோக்கி மடங்குவது அதற்கு எளிது. கையைப் பிடித்த பிடியிலேயே வைத்துக்கொண்டு, மேல்நோக்கித் திரும்பத் திரும்ப எட்டுவது அதற்குச் சுமை.

அந்தச் சுமை மணிக்கட்டில் பெருவிரல் பக்கமுள்ள தசைநாண்களைத் தாக்கக்கூடும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் 1895இலேயே விவரித்த நோய் ஒன்று இவ்விடத்தில் வருகிறது. அவர் பெயராலேயே அது வழங்குகிறது. குழந்தையை அடிக்கடி தூக்கும் இளந்தாய்மாரிடம் இது மிகுதி. குழந்தையைத் தூக்கி வலித்த கையிலேயே பெரிய போனையும் ஏந்தினால் வலி கூடுமேயன்றிக் குறையாது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்க்கும்போது சுரீரென்று வலித்தால், எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டாத திரையைக் கீழே இறக்கலாம்

விரல் மேலே ஏற வேண்டியதில்லை. திரையையே கீழே வரவழைக்கலாம். அதற்கான வசதி பெரும்பாலான போன்களில் ஏற்கெனவே இருக்கிறது. பலர் அறியாததுதான் குறை.

ஆண்ட்ராய்டு போன்களில் 2021இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் 'ஒன் ஹேண்டட் மோட்' என்னும் அமைப்பு உண்டு. செட்டிங்ஸ் பகுதியின் தேடல் கட்டத்தில் இப்பெயரைத் தட்டினால் கிடைக்கும். அதனை இயக்கி வைத்து, திரையின் அடி விளிம்பில் கீழ்நோக்கித் தடவினால், மேல்பகுதி விரலுக்கு எட்டும் தூரத்திற்கு இறங்கி வரும். சாம்சங் போன்களில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' பிரிவில் இது இருக்கிறது. அங்கே திரை முழுவதும் சுருங்கி ஒரு மூலைக்கு வரும். ஐபோனில் 2014 முதல் இவ்வசதியின் பெயர் 'ரீச்சபிலிட்டி'. 'அக்ஸெசிபிலிட்டி' பிரிவில் 'டச்' என்பதன் கீழ் காணலாம்.

தட்டச்சுக்கும் வழியுண்டு. கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் காற்புள்ளி விசையைச் சற்றே அழுத்திப் பிடித்தால் கையும் போனும் கொண்ட சிறு படம் தோன்றும். அதைத் தேர்ந்தால் எழுத்துகள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். வலக்கைக்கோ இடக்கைக்கோ மாற்றிக் கொள்ளலாம். அதே பலகையில் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால், பேச்சே எழுத்தாகிவிடும். விரலுக்கு முழு ஓய்வு.

அன்றாடம் வேண்டிய செயலிகளைத் திரையின் கீழ்ப்பாதியில் அடுக்கி வையுங்கள். போனின் முழு எடையையும் சுண்டுவிரல் ஒன்றின் மீது ஏற்றாதீர்கள். பின்பக்கம் ஒட்டும் வளையமோ, விரல் நுழைக்கும் பட்டையோ சிறு செலவில் கிடைக்கிறது. அது இருந்தால் இறுகப் பிடிக்கவும் தேவையில்லை, நழுவும் அச்சமும் குறையும். கைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். வீட்டில் அமர்ந்து குர்ஆன் ஓதவோ நெடுநேரம் படிக்கவோ போனை எடுத்தால், ரெஹாலிலோ தலையணையிலோ சாய்த்து வைத்துவிடுங்கள்.

ஒரு கையும் ஆகாத இடம்

வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பதற்கு எந்த வசதியும் துணை செய்யாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதனை ஆபத்தான ஓட்டுதலாகவே கருதுகிறது. கூட்டேரிப்பட்டு போன்ற நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் சாலையைக் கடக்கும்போதும் போன் பைக்குள் இருக்கட்டும். கை குழந்தையின் கையைப் பற்றியிருக்கட்டும். கணவரின் குரல் பத்து நிமிடம் காத்திருக்கும்.

இடைவிடாது நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் அவர் மீது உரிமை உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் நினைவூட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்திலேயே உடலின் உரிமை பேணப்பட வேண்டுமென்றால், போனின் பொருட்டு அதை மறக்கலாமா?

பிள்ளைகளே, இன்று மாலையே உம்மாவின் போனை வாங்கி, இந்த அமைப்பை இயக்கிக் கொடுத்து, ஒருமுறை செய்தும் காட்டுங்கள். இரண்டு நிமிட வேலைதான். நமக்காகத் தேய்ந்த கைகளுக்கு அதுவும் ஒரு கித்மத். அல்லாஹ் நம் கைகளையும் நம் குழந்தைகளையும் காத்தருள்வானாக! ஆமீன்.