தென்னையின் வாடலும் ஸர்க்காரின் கடமையும்

போத்தனூருக்குத் தெற்கே, பொள்ளாச்சித் தோப்புகளில் கேரள வேர்வாடல் நோய் புகுந்துவிட்டது. 1882-ம் வருஷத்து வெள்ளத்துக்குப்பின் ஈராட்டுப்பேட்டையில் தலைகாட்டிய இந்நோயின் மூலம் நூறாண்டுகளாய் நிபுணர்களுக்கே பிடிபடவில்லை. 1983-ல்தான் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், செல்சுவரற்ற பாக்டீரியாவாகிய ஃபைட்டோபிளாஸ்மா அகப்பட்டது. மரத்தின் உணவுக் குழாய்களில் வாழும் அதைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி முதலியவை பரப்புகின்றன.

தஞ்சாவூர் வாடல் வேறு. அது பூஞ்சாணத்தால் வருவது. அதற்குரிய போர்டோக் கலவையை இதற்கும் ஊற்றுவது காசைக் கிணற்றில் போடுவதே ஆகும். ஓலையின் இலைகள் விலா எலும்புபோல் உள்வளைவதே இதன் அடையாளம்.

தீர்க்கும் மருந்தில்லை, வருஷத்துக்குப் பத்துக் காய்க்கும் குறைந்த மரத்தை வெட்டச் சொல்லுகிறார்கள். சரிதான். ஆனால் குடியானவன் தயங்குகிறான். பூச்சிக்கோ வேலி தெரியாது. அவன் தயக்கம் அடுத்த தோப்புக்கும் கேடு. ஆகவே வெட்டுக்கூலியோடு நில்லாமல், கல்பரக்ஷா போன்ற எதிர்ப்புக் கன்று காய்க்கும்வரை ஏற்படும் நஷ்டத்தையும் ஸர்க்கார் ஏற்கட்டும்.