ஒரு சதுர மீட்டருக்கு அரை டம்ளர்

மார்கழி, தை மாதங்களில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கு முதல் வேலை, பைக் சீட்டைத் துடைப்பது. திறந்தவெளியில் நின்ற வண்டி நனைந்திருக்கும். ஷெட்டுக்குள் நின்றது காய்ந்தே இருக்கும். மேகமில்லாத இரவில் சீட்டும் தகரமும் புல்லும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகின்றன. காற்றின் ஈரம் அவற்றின்மேல் நீராகப் படிகிறது.

குடிக்கத் தண்ணீர் இல்லாத அவசரத்தில் இந்தப் பனிநீரைச் சேர்க்க, நன்றாக அலசிய பருத்தித் துணி போதும். வெயில் ஏறுவதற்குள் புல்மேல் துணியை இழுத்துப் பாத்திரத்தில் பிழிய வேண்டும். முதல் பிழிவு தூசியோடு பழுப்பாக வரும்; அதைக் கொட்டிவிடலாம்.

சித்த மருத்துவத்துக்கு இந்த வித்தை பழையது. கொண்டைக்கடலைச் செடிகள்மேல் இரவில் துணியை விரித்து, விடியலில் பிழிந்து எடுப்பதுதான் கடலைப்புளிப்பு. இலைகளின் நுண்மயிர்கள் சுரக்கும் மாலிக், ஆக்சாலிக் அமிலங்கள் பனிநீரில் கரைந்து துணியில் ஊறிவிடும். அது மருந்துச் சரக்கு, தாகத்துக்கு ஆகாது.

குடிநீராக எவ்வளவு தேறும்? குஜராத்தின் கட்ச் பகுதியில் அகமதாபாத் ஐஐஎம்மைச் சேர்ந்த கிர்ஜா சரண், பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து அளந்து பார்த்தார். பனந்த்ரோவில் 850 சதுர மீட்டர் பிளாஸ்டிக் படலத்தைச் சரிவாக விரித்ததில், பனி இறங்கிய 69 இரவுகளில் 6,545 லிட்டர் கிடைத்தது. சதுர மீட்டருக்கு இரவொன்றுக்குச் சுமார் 110 மில்லி. ஒருவரின் ஒரு நாள் தேவையான இரண்டு லிட்டருக்கே ஏறக்குறைய 18 சதுர மீட்டர் வேண்டும். நாக்கு வறண்டவருக்கு அந்த அரை டம்ளரும் பெரிதுதான். ஆனால் ஒரு குடும்பம் இதை நம்பி இருக்க முடியாது.

காலமும் ஒத்துவர வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி வறண்ட 2019 கோடையில் துணி விரித்திருந்தால் பெரிதாக ஒன்றும் தேறியிருக்காது. நல்ல பனி இறங்குவது மழைக்குப் பிந்தைய தெளிந்த இரவுகளில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சுற்றிலும் வெள்ளம் நிற்க, குடிக்கத் தண்ணீர் தேடி அலைந்தார்கள் மக்கள். அப்படிப்பட்ட சமயத்தில், புயல் விலகி வானம் வெளுத்த இரவுகளில்தான் பனிநீர் கைகொடுக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எந்தப் புல்லில் துணி போடுகிறோம் என்பது முக்கியம். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரப் புல்லும் பூச்சிமருந்து அடித்த வயலும் வேண்டவே வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகமும் மருந்தும் அப்படியே தங்கும். அதைவிட, மொட்டைமாடியில் தெர்மோகோல்மேல் சுத்தமான பாலித்தீன் ஷீட்டைச் சரிவாக விரித்து, கீழ் ஓரத்தில் பாத்திரம் வைக்கலாம். வழியாமல் ஷீட்டிலேயே ஒட்டியிருக்கும் துளிகளை விடியலில் ஒற்றி எடுக்கத்தான் துணி வேண்டும்.