ஒரகடம் மேம்பாலத்தில் மேலேயா, கீழேயா... செல்போன் மேப்புக்கு எப்படித் தெரிகிறது?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இடம்தான் ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் என்று ஆலைகள் வர வர, இந்தப் பக்கத்துச் சாலைகளின் முகமே மாறிவிட்டது. சாலைகள் அகலமாகின, நடுவே தடுப்புச் சுவர் வந்தது, சந்திப்பில் மேம்பாலம் எழுந்தது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, டூவீலர் என எல்லாம் இங்கேதான் மொய்க்கின்றன.

இந்த மேம்பாலத்தை வானத்திலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்பது நமக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு?

அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஜி.ஐ.எஸ் எனப்படும் புவியியல் தகவல் அமைப்பு. அதில் சாலை என்பது ஒரு கோடு. சாலைகள் சேரும் இடம் ஒரு புள்ளி. இரண்டு கோடுகளுக்கும் பொதுவான புள்ளி இருந்தால், ‘இங்கே திரும்பலாம்’ என்று அர்த்தம். மேம்பாலம் என்றால் அந்தப் புள்ளியை வைக்கக் கூடாது. தவறி வைத்துவிட்டால், பாலத்தின் உச்சியில் போகிறவரிடம் ‘இடது பக்கம் திரும்புங்கள்’ என்று செல்போன் சொல்லும்!

ஏழு பாலங்களில் தொடங்கிய கதை

சாலையின் நீளத்தைவிட, எது எதோடு சேர்கிறது என்பதே முக்கியம் என்று முதலில் காட்டியவர் கணித மேதை ஆய்லர். கோனிக்ஸ்பெர்க் நகரின் 7 பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்ற புதிருக்கு, ‘முடியாது’ என்று 1736-ல் அவர் நிரூபித்தார். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை 1956-ல் யோசித்தவர் நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாமில் காபி குடித்தபடி, பேப்பர் பேனா இல்லாமல், இருபதே நிமிடங்களில் யோசித்தாராம். இன்று செல்போன் வழிகாட்டிகள் பலவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

50 மீட்டர்... ஆனால், எதிர்ப்பக்கம்!

நடுத்தடுப்பு உள்ள சாலையை ஒரே கோடாக வரைந்தால் போதாது. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஒருவழிக் கோடுகள் வேண்டும். யூ-டர்ன் எங்கே, எந்தத் திருப்பத்துக்குத் தடை, எந்தப் பாலத்தின் அடியில் எவ்வளவு உயர லாரி போகலாம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

இது வெறும் கணக்கு அல்ல. ஆலை வாசலில் ஒருவர் மயங்கி விழுகிறார். எதிர்ப்பக்கச் சாலையில் 50 மீட்டர் தூரத்தில் 108 ஆம்புலன்ஸ் நிற்கிறது. தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாது. அடுத்த யூ-டர்ன் வரை போய்த்தான் திரும்ப வேண்டும். தூரத்தை மட்டும் பார்க்கும் மேப், அதைத்தான் ‘மிக அருகில்’ என்று காட்டும். இணைப்பைப் பார்க்கும் மேப், இதே பக்கத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் வண்டியை அனுப்பச் சொல்லும்.

ஆனால், சாலை மாறும் வேகத்துக்கு மேப்பும் மாற வேண்டுமே? 2004-ல் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’பில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கணக்கு தொடங்கித் திருத்தலாம். உங்கள் தெருமுனையில் யூ-டர்னை மூடிவிட்டார்களா? ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைக் குறித்து வையுங்கள். அவசரத்தில் வரும் யாரோ ஒருவர் வழிமாறாமல் வந்து சேர்வார்.