ஆள் ஏற்றும் வேனும் ஓட்டுநர் லைசென்ஸும்

கடைக்கு வேலையாட்கள் கிடைப்பது இப்போது பெரும்பாடாக இருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்துதான் ஆட்கள் வரவேண்டியுள்ளது. கடை சாத்தி இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் ஊர் திரும்பப் பஸ் கிடைப்பதில்லை. ஆகவே சற்றுப் பெரிய கடை வைத்திருப்போர் 12, 17 இருக்கையுள்ள மினி பஸ்ஸோ வேனோ வாங்கி ஆட்களைக் கூட்டி வந்து திரும்பக் கொண்டு விடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டி வாங்கும்போது விலையிலும் மைலேஜிலும் காட்டும் கவனத்தை, ஓட்டுபவரின் லைசென்ஸிலும் வண்டியின் காகிதங்களிலும் நாம் காட்டுவதில்லை. விபத்து வழக்கு என்று வந்துவிட்டால் நஷ்டஈட்டுத் தொகை கடை முதலையே தின்றுவிடும் அளவுக்குப் போகும். அதை இன்சூரன்ஸ் கம்பெனி தருமா, நாம் தர வேண்டுமா என்பது இந்தக் காகிதங்களைப் பொறுத்தது.

முதலில் லைசென்ஸ். கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸ், அதாவது இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் வாடகை வண்டி, சரக்கு வண்டி, ஆள் ஏற்றும் வண்டி ஓட்டலாமா என்ற தகராறு பல ஆண்டுகள் நடந்தது. "போக்குவரத்து வாகனம்" என்று லைசென்ஸில் தனியாகப் பதிவு இல்லை என்று காரணம் காட்டிக் கம்பெனிகள் பணம் தர மறுத்து வந்தன. 2017-ல் உச்ச நீதிமன்றம் தனிப் பதிவு தேவையில்லை என்றது. அதன் பிறகும் தகராறு ஓயாமல், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை போயிற்று. 2024 நவம்பர் 6-ஆம் தேதி அந்த அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தை இலகு ரக உரிமம் உள்ளவர் ஓட்டலாம்.

இதில் கவனிக்க வேண்டியது "மொத்த எடை" என்ற சொல். வண்டியின் எடையோடு, அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட பாரமும் சேர்ந்த கணக்கு அது. ஆர்.சி.யில் அச்சிட்டிருக்கும். நம்மவர்கள் வாங்கும் வேன்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். பழைய பெரிய மினி பஸ்ஸை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர்தான் ஆர்.சி.யை எடுத்துப் பார்க்க வேண்டும். 7,500 கிலோவைத் தாண்டினால் ஓட்டுநருக்குப் போக்குவரத்து வாகன உரிமம் கட்டாயம். அதற்கு விண்ணப்பிக்க இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், வயது 20 நிறைந்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறு சரக்கு வண்டிகளுக்கும், அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் உள்ள தனி விதிகள் இந்தத் தீர்ப்பால் மாறவில்லை.

தீர்ப்பு வந்ததும் சிலர், "இனி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று பேசக் கேட்கிறோம். அது தவறு. லைசென்ஸ் சங்கதி மட்டும்தான் சுலபமாயிற்று. வண்டியைப் பற்றிய சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வண்டியை உரிமையாளர் தன் தொழில் சம்பந்தமாக, கட்டணம் வாங்காமல் ஆட்களைக் கொண்டு செல்லப் பயன்படுத்தினால் அது "தனியார் பணி வாகனம்". சொந்த உபயோகம்தானே என்று வெள்ளை நம்பர் பலகையோடு ஓட்டக்கூடாது. மஞ்சள் பலகை, பெர்மிட், எஃப்.சி. எல்லாம் வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எஃப்.சி. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு, பிறகு எட்டாண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும்.

கட்டணம் வாங்காமல் என்று சொன்னோம். சில கடைகளில் வேன் செலவுக்கென்று ஆட்களின் சம்பளத்தில் மாதம் ஒரு தொகை பிடிக்கிறார்கள். அது கட்டணம்தான் என்று கம்பெனி வக்கீல் வாதிட்டால், சம்பளப் பட்டியலே அவர் கைக்குச் சாட்சியாகப் போகும். அந்தப் பிடித்தத்தை நிறுத்திவிடுவதே நல்லது என்பது நம் கருத்து. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் பழனிக்கோ திருச்செந்தூருக்கோ போக வேனைக் கேட்பார், டீசலுக்கு மேல் கொஞ்சம் பணமும் தருவார். முகதாட்சண்யத்துக்குக் கொடுக்கிறோம். பெர்மிட்டில் சொன்ன உபயோகம் அதுவல்ல. கேட்டவர் கோபித்துக்கொண்டாலும் இல்லை என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

வேன் பழுதாகி நிற்கும் நாளில் ஆட்களை லோடு வண்டியில் மூட்டைகளோடு ஏற்றி அனுப்பும் வழக்கமும் உண்டு. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் சென்றவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. சரக்குக்கு உரியவரும் அவர் சரக்கோடு அனுப்பும் ஆளும் வேறு கணக்கு. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பத்துப் பேர் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அன்றைக்கு ஆட்டோ வைத்து அனுப்பும் செலவு பெரிதல்ல.

ஓட்டுநரை வேலைக்கு எடுக்கும்போது, தெரிந்த பையன் என்று சாவியைக் கொடுத்துவிடுகிறோம். லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதித்தால் உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஓட்டியவருக்கு வேறு தனி அபராதம். அதைவிடப் பெரியது நஷ்டஈடு. லைசென்ஸ் கோளாறு உள்ள வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாவது உண்டு. கடைசியில் நம் பணம்தான். ஆனால் உரிமையாளர் தக்க கவனம் எடுத்தாரா என்பதையும் நீதிமன்றம் பார்க்கிறது. கவனக் குறைவைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே வேலைக்கு எடுக்கும் நாளிலேயே லைசென்ஸை வாங்கிப் பார்த்து, நகல் எடுத்து, தேதி போட்டு ஃபைலில் வைத்திருந்தால் அது நமக்குக் கை கொடுக்கும்.

லைசென்ஸ் முடியும் தேதியையும் அந்த நகலின் மேல் குறித்து வையுங்கள். போக்குவரத்து உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடிந்த மறுநாளே அது செல்லாது. புதுப்பிக்க ஓராண்டு முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். போலி லைசென்ஸ் என்று சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் விவரம் வந்துவிடும். கடையில் பில் போடும் பையனிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வான்.